சௌத்தாம்ப்டனில் கப்பல் நிற்கும் ஒரு நாளில் ஆஸ்போர்ன் ஹவுஸ்: முழு வழிகாட்டி

வட ஐரோப்பா சுற்றும் குரூஸ் கப்பல்கள் இங்கிலாந்தில் ஒரு நாள் நின்றால், அது பெரும்பாலும் சௌத்தாம்ப்டனில்தான். கப்பலில் கொடுக்கும் சுற்றுலாப் பட்டியலில் லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், வின்செஸ்டர் என்று வரிசையாக இருக்கும். லண்டன் பஸ்ஸில் ஏறினால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் ஜன்னலோரத்திலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. சௌத்தாம்ப்டனுக்கு நேர் எதிரே, சோலன்ட் நீரிணையைத் தாண்டினால் வைட் தீவு. அதன் வட கரையில் விக்டோரியா மகாராணி தன் குடும்பத்துக்காகக் கட்டிக்கொண்ட கிராமத்து மாளிகையான ஆஸ்போர்ன் ஹவுஸ் நிற்கிறது. நெடுஞ்சாலைப் பயணமே இல்லை. ஒரு ஃபெர்ரி, ஒரு குட்டி பஸ், போய்ச் சேர்ந்துவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தின் பழைய மாளிகைகள் பலவற்றில் இந்தியப் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். இங்கே சுவரும் கூரையுமே இந்தியப் பாணியில் இருக்கிறது. நம் ஆட்கள் இந்த வீட்டைப் பார்க்கும் பார்வை வேறாகத்தான் இருக்கும்.

விசாவை முதலில் சரி பாருங்கள்

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சௌத்தாம்ப்டனில் இறங்கிச் சுற்ற பிரிட்டனின் விசிட்டர் விசா தனியாக எடுக்க வேண்டும். குரூஸ் டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த விசா இல்லாவிட்டால் சில நிறுவனங்கள் கப்பலிலேயே ஏற்றிக்கொள்ளாது.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொன்று: பிரான்ஸிலிருந்தோ பெல்ஜியத்திலிருந்தோ வந்து, பிரிட்டனில் இறங்கி, மறுபடி நெதர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ போகிற பயணம் என்றால் ஷெங்கனை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். அதற்குப் பல முறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, கனடா கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரியிலிருந்து ஈ.டி.ஏ. என்ற முன் அனுமதியை ஆன்லைனில் வாங்கியிருக்க வேண்டும். அது சுலபமான வேலைதான்.

கப்பல் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தனியாகப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய நேரம், கப்பல் கிளம்பும் நேரம் அல்ல. எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம் என்று ஒன்று, கப்பலில் தினமும் கொடுக்கும் நிகழ்ச்சித் தாளில் அச்சாகி வரும். அது பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் முந்தியது. கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலாவின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது.

கடிகாரத்தையும் பாருங்கள். பிரிட்டன் நேரம் பிரான்ஸ், பெல்ஜியம் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. சில கப்பல்கள் முந்தைய இரவே கடிகாரத்தைத் திருத்தும். சில, பயணம் முழுக்க ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளும். கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஆகவே 'மாலை 4.30' என்று போட்டிருந்தால் அது யாருடைய 4.30 என்று வரவேற்பு மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

உதாரணத்துக்கு, காலை 7 மணிக்குக் கப்பல் கட்டுகிறது, மாலை 4.30-க்குள் திரும்ப வேண்டும், இரண்டும் உள்ளூர் நேரம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு இறங்கி, ஒன்பதை ஒட்டிய ஃபெர்ரியைப் பிடித்தால் பத்தரைக்குள் மாளிகை வாசலில் இருக்கலாம். அங்கிருந்து 1.30-க்குக் கிளம்பிவிடுங்கள். 3.30-க்குள் சௌத்தாம்ப்டன் திரும்பினால் கையில் ஒரு மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு ஃபெர்ரி ரத்தானாலும் உங்களைக் காப்பாற்றுவது அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்து மாளிகைக்கு இரண்டரை மணி நேரம்கூடத் தேறவில்லை என்றால் போக வேண்டாம். கப்பல் தரும் சுற்றுலாவையோ சௌத்தாம்ப்டன் ஊருக்குள்ளேயே உள்ள பழைய மதில் சுவரையோ பார்த்துவிட்டு வாருங்கள்.

நாள், டிக்கெட்

ஆஸ்போர்ன் ஹவுஸை இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு நடத்துகிறது. கோடை காலத்தில் பொதுவாகக் காலை 10 மணிக்குத் திறக்கும். குளிர்காலத்தில் திறக்கும் நாள்கள் குறைவு. உங்கள் தேதி எதுவானாலும் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். ஆன்லைனில் முன்பதிவு செய்தால் வாசலில் வாங்குவதைவிட விலை குறைவு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு 9 நாள், 16 நாள் பாஸ் விற்கிறார்கள். ஒரே ஒரு இடம் பார்க்க அது வேண்டாம். அதே பயணத்தில் ஸ்டோன்ஹெஞ்ச், டோவர் கோட்டை எல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் கவ்ஸ் வீக் என்ற பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். ஜூனில் தீவில் பெரிய இசை விழா ஒன்று உண்டு. அந்த நாள்களில் ஃபெர்ரியில் கூட்டம் நெரியும். உங்கள் கப்பல் அப்போது வருகிறது என்றால் ஃபெர்ரி டிக்கெட்டையும் முன்னதாகவே எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் கைபேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய சிம் கார்டில் இருக்கும் ரோமிங் சலுகை பிரிட்டனில் செல்லும் என்று உறுதி இல்லை. பணம் மாற்ற வேண்டியதில்லை. பஸ், ஃபெர்ரி, டீக்கடை எதுவானாலும் கார்டைத் தட்டினால் போதும்.

கப்பலிலிருந்து ஃபெர்ரிக்கு

சௌத்தாம்ப்டனில் குரூஸ் டெர்மினல்கள் ஒரே இடத்தில் இல்லை. ஓஷன், க்யூ.ஈ. டூ இரண்டும் கிழக்குப் பக்கம். சிட்டி, ஹொரைசன், மேஃப்ளவர் மூன்றும் மேற்குப் பக்கம். வைட் தீவுக்குப் போகும் ரெட் ஃபனல் ஃபெர்ரிகள் நடுவில், டவுன் கீ பகுதியிலிருந்து கிளம்புகின்றன. ஓஷன் டெர்மினல் என்றால் நடந்தே போகலாம். மற்றவற்றுக்கு டாக்சி பிடியுங்கள். துறைமுகத்துக்குள் நடக்கிற தூரம் வரைபடத்தில் தெரிவதைவிட அதிகம். டைட்டானிக் 1912 ஏப்ரல் 10 அன்று கிளம்பியதும் இந்தக் கிழக்குத் துறைமுகத்திலிருந்துதான்.

ரெட் ஃபனலில் இரண்டு வகைப் படகு இருக்கிறது. இங்கேதான் பலர் குழம்புவார்கள். ரெட் ஜெட் என்பது வேகப் படகு, அரை மணி நேரத்துக்குள் தீவுக்குப் போய்விடும். ஆனால் அது இறக்கிவிடுவது வெஸ்ட் கவ்ஸில். மாளிகை இருப்பது ஈஸ்ட் கவ்ஸில். நடுவில் மெடினா ஆறு. அதைக் கடக்கச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் மிதவை ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் 'மிதக்கும் பாலம்' என்பார்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் அது அடிக்கடி பழுதாகும் என்பது தீவு முழுக்கத் தெரிந்த கதை.

கார்களை ஏற்றிச் செல்லும் பெரிய ஃபெர்ரி சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும். ஆனால் நேராக ஈஸ்ட் கவ்ஸுக்கே போகும். நடந்து வருபவர்களையும் ஏற்றிக்கொள்வார்கள். என் யோசனை: போகும்போது பெரிய ஃபெர்ரி. மேல் தளத்தில் ஒரு காபியோடு உட்கார்ந்தால் சௌத்தாம்ப்டன் நீர்வழி முழுவதையும் பார்த்துக்கொண்டே போகலாம். திரும்பும்போது நேரம் நெருக்கினால் மட்டும் ரெட் ஜெட். ஆனால் போக ஒன்று, வர ஒன்று என்று மாற்ற டிக்கெட் அனுமதிக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இரண்டு படகுக்கும் டெர்மினல் வேறு வேறு. பலத்த காற்று, மூடுபனி என்றால் முதலில் ரத்தாவது வேகப் படகுதான்.

ஈஸ்ட் கவ்ஸில் இறங்கியதும் மாளிகை சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம், ஏற்றம். சதர்ன் வெக்டிஸ் நிறுவனத்தின் 4, 5 எண் பஸ்கள் மாளிகை வாசலில் நிற்கும். வயதானவர்கள் உடன் இருந்தால் பஸ்தான் சரி. மற்றவர்கள் அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம்.

போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் கப்பல் என்றால் அங்கிருந்து ரைட் என்ற ஊருக்குப் படகும், பக்கத்து சவுத்சீ கடற்கரையிலிருந்து ஹோவர்கிராஃப்டும் உண்டு. ஹோவர்கிராஃப்டில் பத்தே நிமிடம். ரைடிலிருந்து அதே 4-ஆம் எண் பஸ்.

உள்ளே போகும் முன் வெளியே கொஞ்சம் நில்லுங்கள்

விக்டோரியாவும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் இந்த எஸ்டேட்டை 1845-இல் வாங்கினார்கள். அரண்மனை என்றால் அரசாங்கத்தின் சொத்து, வேலைக்காரர், அமைச்சர், தொந்தரவு. இது அவர்கள் சொந்தப் பணத்தில் வாங்கியது. பழைய வீட்டை இடித்துவிட்டு ஆல்பர்ட்டே வடிவம் யோசித்தார். கட்டியவர் தாமஸ் குபிட் என்ற லண்டன் கட்டடக்காரர். 1851-இல் வேலை முடிந்தது. சோலன்ட் கடலைப் பார்க்க ஆல்பர்ட்டுக்கு நேப்பிள்ஸ் வளைகுடா நினைவு வந்ததாம், அதனால்தான் இரண்டு கோபுரங்களோடு இத்தாலிய வில்லா மாதிரி எழுந்தது. சுவரைத் தொட்டுப் பாருங்கள். பாத் நகரத்துக் கல் போலத் தெரிவது உண்மையில் செங்கல் மேல் பூசிய சிமென்ட். ராணி வீட்டிலும் சிக்கனம் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள்: எதற்கு நேரம், எதற்கு வேண்டாம்

சுற்றுப்பாதை கீழ்த்தளத்தில் தொடங்கும். சிலைகள் வரிசையாக நிற்கும் நீள நடைக்கூடத்தில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். அங்கே மெதுவாக நடந்தாலே போதும். படிக்கட்டுச் சுவரில், கடல் ஆட்சியைக் கடல் தெய்வமான நெப்டியூன் பிரிட்டனுக்கு ஒப்படைக்கும் பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. வில்லியம் டைஸ் 1847-இல் வரைந்தது. அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகருங்கள். இந்த வீட்டுக்குக் குடும்ப முகம், சாம்ராஜ்ய முகம் என்று இரண்டு முகம் உண்டு என்பது அந்தச் சுவரிலேயே தொடங்கிவிடுகிறது.

வரவேற்பறையும் பில்லியர்ட்ஸ் அறையும் ஒன்றோடொன்று 'ட' எழுத்து மாதிரி மடங்கிச் சேர்ந்திருக்கும். ராணி முன் யாரும் உட்காரக் கூடாது என்பது விதி. மடிப்பின் மறுபக்கம் ராணியின் கண்ணுக்குத் தெரியாது, கூப்பிட்டால் மட்டும் கேட்கும். பணியில் இருந்த கனவான்கள் அங்கே உட்கார்ந்து கால் வலியைத் தீர்த்துக்கொண்டார்கள். அதே அறையில் குழந்தைகளின் கைகளையும் பாதங்களையும் பளிங்கில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பாசத்தில் செய்ததுதான், ஆனாலும் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

சாப்பாட்டு அறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1901 ஜனவரி 22 அன்று மாடியில் விக்டோரியா இறந்த பிறகு, அவர் உடல் இந்த அறையில்தான் வைக்கப்பட்டிருந்தது. இங்கிருந்து ராஜ படகில் கடலைக் கடந்து கொண்டுபோனார்கள். இன்னொரு செய்தி: 1878 ஜனவரி 14 அன்று அலெக்சாண்டர் கிரகாம் பெல், ராணிக்கு டெலிபோனைச் செய்து காட்டியதும் இந்த வீட்டில்தான்.

மாடியில் ராணியின் உட்காரும் அறை. இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில். அவரும் ஆல்பர்ட்டும் சேர்ந்து அரசாங்கக் கோப்புகளைப் பார்த்த இடம். 1861-இல் ஆல்பர்ட் இறந்த பிறகும் அவர் அறையை அப்படியே வைத்திருந்தார் ராணி. ராணியின் படுக்கையறை 1954 வரை பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை.

பிள்ளைகளோடு வந்திருந்தால் குழந்தைகள் அறை அவர்களுக்குப் பிடிக்கும். மற்றபடி இந்த வரிசை முழுவதையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். அடுத்து வருவதற்குக் கால் வலிக்காமல், கண் சோராமல் போக வேண்டும்.

தர்பார் பகுதி

சுற்றுப்பாதையில் இது கடைசியில் வருவதால், பெரும்பாலானவர்கள் களைத்துப்போய், மேலே பார்த்து 'அப்பா!' என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தர்பார் அறை 1890-களின் தொடக்கத்தில் பெரிய விருந்துகளுக்காகக் கட்டியது. வடிவமைத்தவர் பாய் ராம் சிங். பஞ்சாபில் தச்சர் குடும்பத்தில் பிறந்து, லாகூர் மேயோ கலைப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர். அந்தப் பள்ளியின் தலைவர் ஜான் லாக்வுட் கிப்ளிங் ஆலோசனை சொன்னார், ராம் சிங் நேரில் வந்து வேலையை நடத்தினார். கூரையும் சுவரும் மரச்செதுக்கு போலத் தெரியும். அது மரமே இல்லை, அச்சில் வார்த்த பிளாஸ்டர். கணப்படுப்பின் மேல் தோகை விரித்த மயில் ஒன்று இருக்கிறது. தரைக் கம்பளம் ஆக்ரா சிறையில் கைதிகள் நெய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அழகு மட்டும்தான் தெரியும்.

கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவை ராணியின் பொன்விழாவுக்கும் வைரவிழாவுக்கும் இந்தியாவிலிருந்து வந்த பரிசுகள், வாழ்த்து மடல் வைத்த பேழைகள். விக்டோரியா 'இந்தியப் பேரரசி' என்று 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் பிரகடனம் செய்யப்பட்டபோது, சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்தது. அங்கே விருந்து, இங்கே கஞ்சித் தொட்டி. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியதுதான். இந்த அறையின் விளக்கப் பலகைகளில் அதைத் தேட வேண்டாம். நீங்களே மனதில் கொண்டுபோனால்தான் உண்டு.

அறையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதை ஒட்டிய நடைக்கூடம். ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற ஆஸ்திரிய ஓவியரை ராணி இந்தியாவுக்கு அனுப்பி வரையச் சொன்ன சிறு ஓவியங்கள் அங்கே தொங்குகின்றன. அவற்றில் மகாராஜாக்கள் கிடையாது. நெசவாளர், குயவர், சிப்பாய், கிராமத்துப் பெண், சிறுவன், கிழவர். பெயர் ஊரோடு குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சாதாரண இந்திய முகங்களை இவ்வளவு நெருக்கத்தில் எண்ணெய் வண்ணத்தில் பார்க்கிற வாய்ப்பு இந்தியாவிலேயே அரிது. ராம் சிங்கின் படமும் இருக்கிறது. அப்துல் கரீமையும் தேடுங்கள். 1887-இல் சாப்பாட்டு மேசைப் பணியாளராக வந்து, ராணிக்கு இந்துஸ்தானி சொல்லிக்கொடுக்கும் முன்ஷியானவர். அரண்மனையில் மற்றவர்களுக்கு அது பொறுக்கவில்லை. ராணி இறந்ததும் அவர் மகன் ஏழாம் எட்வர்ட், கரீமிடம் இருந்த கடிதங்களை எரிக்கச் சொல்லி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்.

அறைகளில் நிற்கும் தன்னார்வலர்களிடம் பேச்சுக் கொடுங்கள். பலகையில் இல்லாத விவரங்கள் அவர்களிடம்தான் கிடைக்கும். போட்டோ எடுக்கலாமா என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடலாம். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

தோட்டம், ஸ்விஸ் காட்டேஜ், கடற்கரை

நேரம் இருந்தால் மட்டும். மாளிகையிலிருந்து ஸ்விஸ் காட்டேஜுக்குச் சுமார் இருபது நிமிட நடை. ஒன்பது பிள்ளைகளும் சமையலும் தோட்டவேலையும் பழகுவதற்காக 1850-களில் ஆல்பர்ட் கட்டிய மர வீடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாத்தி, பெயரெழுத்து போட்ட தனித் தள்ளுவண்டி. விளைந்த காய்கறியைத் தந்தையே சந்தை விலைக்கு வாங்கிக்கொள்வாராம்.

அங்கிருந்து இறங்கினால் ராணியின் சொந்தக் கடற்கரை. 2012-இல்தான் மக்களுக்குத் திறந்தது. மரச் சக்கர வண்டி ஒன்று நிற்கும். அதற்குள் உடை மாற்றிக்கொண்டு, வண்டியோடு கடலுக்குள் இறங்கி யார் கண்ணிலும் படாமல் குளிப்பார்களாம். 1847-இல் விக்டோரியா முதல்முதலாகக் கடலில் குளித்தது அப்படித்தான். பிற்காலத்தில் அந்த வண்டி கோழிக்கூண்டாகக்கூடக் கிடந்திருக்கிறது.

எஸ்டேட்டுக்குள் வாகனம் ஓடுகிறதா என்று நுழைவாயிலிலேயே கேளுங்கள். நடக்க முடியாதவர்கள் உடன் இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு மாளிகைக்குப் பின்னால் உள்ள மேடைத் தோட்டத்தில் உட்காரலாம். கடல் அங்கிருந்தே தெரியும். சாப்பாட்டுக்கு சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஸ்கோன், ஜாம், கெட்டி கிரீமோடு டீ கிடைக்கும், வயிறு நிறைந்துவிடும்.

வேறு துறைமுகம் என்றால்

லிவர்பூலில் நின்றால் ஸ்பீக் ஹால், ட்யூடர் காலத்துக் கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீடு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில். நியூகாசிலில் நின்றால் க்ராக்சைட். நீர்மின்சாரத்தில் விளக்கெரிந்த உலகின் முதல் வீடு, ஆனால் தூரம் அதிகம், கார் வேண்டும். பிளிமத் என்றால் ஒரு குட்டிப் படகில் ஏறினால் மவுன்ட் எட்ஜ்கம் மாளிகை. சௌத்தாம்ப்டனிலிருந்து ஹைக்ளேர் கோட்டைக்குப் பலர் ஆசைப்படுவார்கள். அது ஆண்டில் குறிப்பிட்ட நாள்களில்தான் திறக்கும், கப்பல் தேதியோடு பொருந்துவது அதிர்ஷ்டம்.

திரும்பும் வழி

இறங்கும்போதே ஈஸ்ட் கவ்ஸிலிருந்து திரும்பும் ஃபெர்ரி நேரங்களைப் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் பிடிக்க நினைப்பதற்கு அடுத்ததும் கப்பலைப் பிடிக்க உதவ வேண்டும். உதவாது என்றால் ஒன்று முன்னதாகக் கிளம்புங்கள். டாக்சியில் ஏறியதும் கப்பல் பெயரை மட்டும் சொல்லாமல் டெர்மினல் பெயரையும் சொல்லுங்கள். ஒரே நாளில் நான்கைந்து கப்பல்கள் நிற்பது சௌத்தாம்ப்டனில் சாதாரணம். துறைமுகக் கேட்டில் கப்பல் அட்டையோடு கடவுச்சீட்டையும் கேட்கலாம், இரண்டும் கையில் இருக்கட்டும்.

கப்பல் கிழக்கு நோக்கிப் போகிறது என்றால் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து வலப்பக்கத் தளத்துக்குப் போங்கள். கவ்ஸைத் தாண்டியதும் மரங்களுக்கு மேலே ஆஸ்போர்னின் கோபுரங்கள் தெரியும். பைனாகுலர் இருந்தால் நல்லது.

ஒருவேளை கப்பல் தவறிவிட்டால்? கப்பலின் தினசரி நிகழ்ச்சித் தாளின் அடியில் துறைமுக ஏஜென்டின் தொலைபேசி எண் இருக்கும். இறங்கும் முன் அதையும் படம் எடுத்து வையுங்கள். தாமதம் உறுதி என்று தெரிந்த உடனே, ஃபெர்ரியில் இருக்கும்போதே, அந்த எண்ணுக்குப் பேசுங்கள். நீங்கள் கப்பலுக்குத் திரும்பவில்லை என்று தெரிந்தால், அறைப் பெட்டகத்தில் விட்டுப்போன கடவுச்சீட்டை எடுத்து ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. ஆனால் அதை நம்பி விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். அது ஷெங்கன் நாடு என்றால், அந்தப் பல முறை விசா அப்போதும் தேவைப்படும்.